ஊர்ல ஒரு பகுத்தறிவு வட்டம் நடத்தணுமா? மாசா மாசம் என்ன பண்ணலாம்னு ஒரு முழு வழிகாட்டி

கிரகணம் அன்னிக்கு உலக்கை தானா நிக்கும்னு நம்ம ஊர்கள்ல சொல்லுவாங்க இல்லீங்களா, பித்தளைத் தாம்பாளத்துல மஞ்சத் தண்ணி ஊத்தி நடுவுல உலக்கையை நிறுத்துவாங்க, கிரகணம் விட்டதும் விழுந்துரும்னு ஒரு நம்பிக்கை. 2019 டிசம்பர் 26ஆம் தேதி காலைல கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல்னு ஒரு பட்டையா வளையச் சூரிய கிரகணம் தெரிஞ்சுதே, அன்னிக்கு எங்க தெருவுலயும் நாலு வீட்டு வாசல்ல உலக்கை நின்னுச்சு. நாங்க ஒரு ஏழெட்டுப் பேர் ரெண்டு வாரம் கழிச்சு, கிரகணமும் இல்ல அமாவாசையும் இல்ல, ஒரு சாதாரண ஞாயித்துக்கிழமை, பக்கத்து வீட்டு அக்காகிட்ட அதே உலக்கையும் அதே தாம்பாளமும் கடன் வாங்கி நிறுத்திப் பார்த்தோம். மூணாவது தடவை நின்னுச்சு. அந்த அக்கா கிட்ட வந்து ரெண்டு விரலால மெதுவா தட்டினாங்க, லேசா ஆடிட்டு மறுபடியும் நின்னுச்சு. "அப்ப இது எப்பவுமே நிக்குமாட்ட இருக்குது"ன்னு அவங்களே சொன்னாங்க. நாங்க வாயே திறக்கல. உலக்கையோட அடி தட்டை, இரும்புப் பூண் வேற போட்டிருக்கும், பொறுமையா சமன் பண்ணினா எந்த நாளும் நிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

எங்க வட்டம் அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடியும் நாங்க டீக்கடைல உட்கார்ந்து கடவுள் உண்டா இல்லையான்னு மணிக்கணக்குல பேசிட்டுத்தான் இருந்தோம், அதுல ஒருத்தர் மனசும் மாறினதா எனக்குத் தெரியல. அதனால இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: வாதாடுற கூட்டமா நடத்தாதீங்க, சேர்ந்து உட்கார்ந்து சோதிச்சுப் பார்க்கிற கூட்டமா நடத்துங்க. மாசம் ஒண்ணு போதும், ஆனா ஒரு மாசம்கூட விடாம நடத்துங்க.

ஆளும் இடமும் நேரமும்

ஆரம்பிக்க அஞ்சு பேர் போதும். ஐம்பது பேர் சேரட்டும்னு காத்திருந்தா கூட்டமே நடக்காது. அஞ்சு பேரும் ஒரே மாதிரி ஆளா இருக்க வேணாம், ஒரு வாத்தியார், ஒரு நர்ஸ், ஒரு எலக்ட்ரீசியன், காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு, விவசாயம் பார்க்கிற ஒருத்தர்னு கலந்து இருந்தா நல்லது, ஏன்னா பின்னால வாளி வேணும், ஒயர் வேணும், முதலுதவி தெரிஞ்ச ஆள் வேணும்.

சாமி கும்பிடறவங்களைச் சேர்க்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. கண்டிப்பா சேருங்க. எங்க வட்டத்துல ரெண்டு பேர் வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவங்க, ஆனா ஜாதகம், பில்லி சூனியம், போலி வைத்தியம் இதெல்லாம் அவங்களுக்கும் பிடிக்காது. உள்ள வர்றதுக்கு ஒரே நிபந்தனை, கேள்வி கேட்டா கோவப்படக் கூடாது, அது ரெண்டு பக்கத்துக்கும்தான்.

இடத்துக்கு ரொம்ப அலைய வேணாம். கிளை நூலகத்துல கேட்டுப் பாருங்க, டியூஷன் சென்டர் ஞாயித்துக்கிழமை சும்மாதான் கிடக்கும், யார் வீட்டு மொட்டை மாடியாவது கிடைக்கும். கல்யாண மண்டபம் வேணாம், வாடகை கட்டியே நொந்துருவீங்க. தனியார் வீட்டு ஹால் பழகினவங்களுக்கு சரி, ஆனா புதுசா வர்ற ஒரு பொண்ணு தெரியாத வீட்டுக்குத் தனியா வரத் தயங்கும், அதனால முடிஞ்சவரை பொது இடமா பாருங்க.

நேரம்தான் நாங்க பெருசா தப்பு பண்ணின இடம். முதல் எட்டு மாசம் ஞாயிறு காலை பத்தரைக்கு வச்சோம், வந்தது மொத்தமும் ஆம்பளைங்க. ஏன்னு யாருமே யோசிக்கல. ஒரு தோழரோட மனைவி ஒரு நாள் நேரா கேட்டாங்க, "ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு கறி யாருங்க ஆக்குறது?"ன்னு. அடுத்த மாசமே மதியம் மூன்றரைன்னு மாத்தினோம், குழந்தைங்களையும் கூட்டிட்டு வாங்க, தனியா ஒரு மூலைல படம் வரையப் பேப்பரும் கிரேயானும் வைக்கிறோம்னு சொன்னோம். அந்த மாசம் ஆறு பெண்கள் வந்தாங்க. அதுக்கப்புறம் வந்த தலைப்புகளே மாறிப்போச்சு, தீட்டு, சீமந்தம், குழந்தைக்கு மந்திரிக்கிறது, வரனுக்கு செவ்வாய் தோஷம் பார்க்கிறதுன்னு வீட்டுக்குள்ள நிஜமா வலிக்கிற விஷயங்கள் மேசைக்கு வந்துச்சு. பகுத்தறிவுன்னு பேசுற இடத்துல பெண்கள் இல்லைன்னா பாதி விஷயம் நம்ம காதுக்கே வராதுங்க.

தேதியை மாத்தாதீங்க. மாசத்தோட ரெண்டாவது ஞாயிறுன்னா ரெண்டாவது ஞாயிறுதான். மழை வந்தாலும் நாலு பேர் வந்தாலும் நடத்துங்க. தேதி நிலையா இருந்தாத்தான் ஆள் தானா வரும்.

ரெண்டு மணி நேரத்தை எப்படிப் பிரிக்கிறது

முதல் பதினஞ்சு நிமிஷம் டீ. இதை வேஸ்ட்டுன்னு நினைக்காதீங்க, புது ஆள் வந்து உட்கார்ற நேரம் அதுதான், அவங்க பக்கத்துல பழைய ஆள் ஒருத்தர் போய் உட்காரணும், இதை ஒவ்வொரு மாசமும் ஒருத்தருக்கு வேலையாவே கொடுத்துருங்க. அடுத்த இருபது நிமிஷம் "இந்த மாசம் எனக்கு வந்த ஃபார்வேர்டு". அப்புறம் ஒரு மணி நேரம் அந்த மாசத்து முக்கிய சோதனையோ பேச்சோ. கடைசி இருபத்தஞ்சு நிமிஷம் கேள்வி, அடுத்த மாச வேலை பிரிக்கிறது, கணக்கு சொல்றது.

பேச்சாளரைக் கூப்பிட்டா 25 நிமிஷத்துக்கு மேல விடாதீங்க. மைக் வேணவே வேணாம், மைக் வந்தா அது மேடைப் பேச்சாயிரும், கேக்க வந்தவங்க கை தட்டிட்டுப் போயிருவாங்க.

ஃபார்வேர்டு பகுதில நாங்க பண்றது சுலபம். யாராவது ஒருத்தர் ஒரு வாட்ஸ்அப் செய்தியை சத்தமா படிப்பாங்க. மூணு கேள்வி கேட்போம்: முதல்ல சொன்னது யாரு, அந்தப் படம் எப்ப எங்க எடுத்தது, இது பொய்யா இருந்தா அது எப்படி நமக்குத் தெரியும். படத்தை கூகுள் லென்ஸ்ல போட்டுத் தேடறது, வீடியோல ஒரு ஃப்ரேமை நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேடறது, யூடர்ன் மாதிரி தமிழ்ல உண்மை சரிபார்க்கிறவங்க ஏற்கெனவே எழுதியிருக்காங்களான்னு பார்க்கிறது, இதெல்லாம் பத்து நிமிஷத்துல எல்லாரும் கத்துக்கிட்டாங்க. ஒரு விஷயம் முக்கியம், நம்ம பக்கத்துக்கு சாதகமா வர்ற பொய்யையும் அதே மாதிரி அறுக்கணும். பெரியார் சொன்னார், ஐன்ஸ்டீன் சொன்னார்னு வர்ற பொன்மொழிப் படங்கள்ல அவங்க எங்கயும் சொல்லாதது எக்கச்சக்கம். அதை மட்டும் விட்டுட்டு மத்ததைப் பிடிச்சா நம்மளை யாரும் மதிக்க மாட்டாங்க.

முதல் மாசம்: எல்லாருக்கும் ஒரே ஜாதகம்

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா இதுல ஆரம்பிங்க. செலவு ஒரு ஐம்பது ரூபாய். ஒரு வாரம் முன்னாடியே வர்றவங்ககிட்ட பிறந்த தேதி, நேரம், ஊர் வாங்கிக்குங்க. கூட்டத்துல ஒவ்வொருத்தர் பேர் எழுதின ஒட்டின கவர் கொடுங்க, உள்ள அவங்க "பலன்" இருக்கும். படிச்சுட்டு யார்கிட்டயும் பேசாம, எவ்வளவு பொருந்துதுன்னு 5க்கு மார்க் போடச் சொல்லுங்க.

எங்க பலன்ல இப்படி எழுதியிருந்தோம்: "நீங்க வெளிய தைரியசாலியா தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள ஒரு பயம் உண்டு. அடுத்தவங்களுக்கு நல்லது பண்ணப் போய் கெட்ட பேர் வாங்கியிருக்கீங்க. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாம போன சந்தர்ப்பம் ஒண்ணு இருக்கு. சொந்தத்துல ஒருத்தர் உங்களைப் புரிஞ்சுக்கல. வயித்துலயோ மூட்டுலயோ சின்ன உபாதை வந்து போகும்." பெரும்பாலானவங்க 4, 5ன்னு போட்டாங்க. ஒரு அம்மா கண் கலங்கிட்டாங்க, அந்த "சொந்தத்துல ஒருத்தர்" வரிக்கு. அப்புறம் தாளைப் பக்கத்துல உட்கார்ந்தவங்களுக்குக் கொடுங்கன்னு சொல்லணும். ஹால் முழுக்க ஒரு நிமிஷம் அமைதி, எல்லார் கைலயும் ஒரே எழுத்து.

இது நாங்க கண்டுபிடிச்சதில்ல. 1948ல அமெரிக்காவுல பெர்ட்ரம் ஃபோரர்ங்கிற உளவியல் பேராசிரியர் 39 மாணவர்கள்கிட்ட இதையே பண்ணினார், சராசரி 5க்கு 4.26 வந்துச்சு. அந்தக் கதையை மார்க் போட்ட பின்னாடி சொல்லுங்க, முன்னாடி சொல்லாதீங்க. இன்னொண்ணு, யாரையும் தனியா நிக்க வச்சு "நீ ஏமாந்துட்ட பாரு"ன்னு சொல்லிறாதீங்க. எல்லாரும் சேர்ந்து ஏமாந்தாத்தான் எல்லாரும் சேர்ந்து சிரிக்க முடியும். கண் கலங்கின அம்மாகிட்ட நாங்க கூட்டம் முடிஞ்சு தனியா உட்கார்ந்து பேசினோம், அவங்களுக்குத் தேவைப்பட்டது ஜோசியம் இல்ல, கேக்கறதுக்கு ஒரு ஆள்.

"அது நீங்க எழுதின பலன், நிஜ ஜோசியர் கணிச்சா சரியா வரும்"னு ஒருத்தர் கட்டாயம் கேப்பாரு, கேக்கணும். அதுக்கு வானியற்பியல் விஞ்ஞானி ஜயந்த் நார்லிகர் நடத்தின சோதனையைச் சொல்லலாம். அவரும் புனேல சிலரும் சேர்ந்து, நல்லா படிக்கிற குழந்தைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் 100 பேர்னு 200 பிறப்பு விவரம் சேகரிச்சு, ஜோசியருங்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகம் அனுப்பி எது எந்த வகைன்னு கேட்டாங்க. 27 ஜோசியருங்க பதில் அனுப்பினாங்க. காசு சுண்டிப் போட்டா கிடைக்கிற அளவைத் தாண்டி ஒண்ணும் வரல.

தேங்காய் வச்சு நீரோட்டம் பார்க்கிறது

எங்க பக்கம் இதுதான் பெரிய தலைப்பு, ஏன்னா இதுல காசு நஷ்டமாகுது. ஆயிரம் அடிக்கு போர் போட்டு புகை மட்டும் வந்தா அந்த விவசாயி கடன்லதான் மூழ்கணும். உள்ளங்கைல தேங்காயைப் படுக்க வச்சு நடப்பாங்க, தண்ணி இருக்கிற இடத்துல தேங்காய் எந்திரிச்சு நிக்கும்னு நம்பிக்கை. சிலர் வேப்பங்கவை வச்சுப் பார்ப்பாங்க.

இதை எப்படிச் சோதிக்கிறதுன்னா, மூடி போட்ட ஒரே மாதிரி பத்து வாளி வாங்குங்க. ஒண்ணுல மட்டும் தண்ணி, மத்ததுல அதே எடைக்கு மணல். பத்து அடி இடைவெளில வரிசையா வைங்க. எந்த வாளின்னு ஒவ்வொரு சுத்துக்கும் சீட்டு குலுக்கி எடுக்கணும், நம்ம மனசுக்குத் தோணின வாளியை வைக்கக் கூடாது. வாளி வைக்கிறவங்க வச்சுட்டு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிரணும், இதை மட்டும் விட்றாதீங்க, தெரிஞ்ச ஆள் பக்கத்துல நின்னா அவர் மூஞ்சியே காட்டிக் கொடுத்துரும். பார்க்கிறவர் கூட நடக்கிறவங்களுக்கும் எந்த வாளின்னு தெரியக் கூடாது.

பத்து சுத்து. சும்மா குருட்டாம்போக்குல சொன்னாலே சராசரியா ஒண்ணு சரியா வரும். மூணோ அதுக்கு மேலயோ வர்றதுக்கு 7 சதவீதம் வாய்ப்பு இருக்கு, நாலோ அதுக்கு மேலயோன்னா ஒண்ணேகால் சதவீதம்தான். அதனால "நாலு சரியா வந்தா நாங்க உங்களை ஏத்துக்கிட்டு மறுபடியும் பெருசா நடத்துவோம்"னு முன்னாடியே பேசிக்குங்க.

எங்களுக்கு வந்தவர் எழுபது வயசுப் பெரியவர், ஊர்ல நல்ல மனுஷன், பல பேருக்கு காசு வாங்காமலே பார்த்துக் கொடுத்தவர். முதல்ல மூடியைத் திறந்து வச்சு நடந்தார், தண்ணி இருக்கிற வாளிகிட்ட போனதும் தேங்காய் விறுக்குனு எந்திரிச்சுது, அஞ்சுக்கு அஞ்சு. "இன்னிக்கு நல்லா வேலை செய்யுது"ன்னு அவரே சொன்னார். மூடி போட்டோம். பத்து சுத்துல ஒண்ணு. அவர் எங்களை ஏமாத்தல, அந்தக் கையைப் பக்கத்துல இருந்து நான் பார்த்தேன், சுண்டு விரல் பக்கத்துச் சதை மெல்லிசா இறுகி, மணிக்கட்டு ஒரு நூல் சாயுது, தேங்காய் நிக்குது. அவருக்கே அது தெரியல. நாம எதிர்பார்க்கிறதைக் கை தானா செஞ்சுரும், மனசுக்கு அது வெளியில இருந்து வந்த சக்தி மாதிரி இருக்கும்.

டீ குடிச்சுட்டு அவர் சொன்னார், "தம்பி, பூமிக்குள்ள ஓடற தண்ணி வேற, வாளித் தண்ணி வேற." அங்கதான் நாங்க பாடம் கத்துக்கிட்டோம். சோதனைக்கு முன்னாடியே, இந்த ஏற்பாடு உங்களுக்குச் சம்மதமா, வாளித் தண்ணிய உங்களால கண்டுபிடிக்க முடியுமான்னு கேட்டு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கணும். நாங்க வாய்ச் சொல்லா விட்டுட்டோம். சண்டை போடல, அவரை வண்டில கொண்டுபோய் வீட்ல விட்டோம். கூட்டத்துக்கு வந்திருந்த விவசாயிங்களுக்கு, நம்ம பக்கம் கடினப்பாறைப் பகுதி, தண்ணி பாறை வெடிப்புலதான் இருக்கும், மண்ணுக்குள்ள மின்சாரம் செலுத்தி மின்தடை அளக்கிற முறை இருக்கு, அதுவும் நூத்துக்கு நூறு கிடையாது, ஆனா அது எங்க தப்பாகும்னு சொல்ல முடியும்னு ஒரு புவியியல் படிச்ச தோழர் விளக்கினார். அந்தப் பகுதி இல்லாம சோதனையை மட்டும் நடத்தாதீங்க. இருக்கிறதைப் பிடுங்கினா வேற ஒண்ணு கைல கொடுக்கணும்.

மந்திரமா தந்திரமா

குழந்தைங்க வர்ற மாசம் இதை வைங்க. ஆபிரகாம் கோவூர் இலங்கைல இருந்துக்கிட்டு, அற்புத சக்தியை நிரூபிச்சா லட்ச ரூபாய்னு சவால் விட்டவர், 1978ல சாகற வரைக்கும் யாரும் ஜெயிக்கல. நம்ம போத்தனூர்ல வாழ்ந்த பி. பிரேமானந்த் ஊர் ஊரா போய் சாமியாருங்க பண்ற வித்தையெல்லாம் மேடைல செஞ்சு காட்டி, எப்படின்னும் சொல்லிக் கொடுத்தார், 2009 அக்டோபர்ல காலமானார். அவங்க வழிலதான் நாம போறோம், வித்தையைக் காட்டிட்டு ரகசியத்தையும் சேர்த்துக் கொடுத்துரணும்.

வீட்லயே பண்ணக் கூடியது: விபூதியைக் கஞ்சில குழைச்சு உருண்டை பிடிச்சுக் காய வச்சு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒளிச்சு வச்சுக்கிட்டு, கையைச் சுத்தி நசுக்கினா விபூதி கொட்டும். செம்பருத்திப் பூவைக் கத்தில நல்லா தேய்ச்சுக் காய வச்சுட்டு எலுமிச்சம்பழம் வெட்டுங்க, சிவப்பா சாறு வடியும், செய்வினை எடுக்கிறேன்னு காசு வாங்குறவங்க காட்டுற "ரத்தம்" இப்படியும் வரும். பூவோட நிறம் புளிப்புல சிவப்பாகுது. ஆரத்தில மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாகறது எல்லாருக்கும் தெரியும், அதுல இருந்து ஆரம்பிச்சா குழந்தைங்க டக்குனு பிடிச்சுக்குவாங்க.

பண்ணவே கூடாதது: பாதரச உப்பு தேய்ச்சு அலுமினியக் காசைச் சாம்பலாக்குறது, அது விஷம். நாக்குல சூடம் ஏத்தறது, குழந்தைங்க வீட்டுக்குப் போய் செஞ்சு பார்த்துருவாங்க. தீ மிதிக்கிறதை விளக்கிச் சொல்லுங்க, கரித் துண்டு சூட்டை மெதுவாத்தான் கடத்தும், கால் படுற நேரம் கம்மி, அதனாலதான் வேகமா நடந்தா பெரும்பாலும் தப்பிச்சுக்கறாங்க, ஆனாலும் வருஷா வருஷம் கால் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருக்காங்க, அதனால நீங்க குண்டம் இறங்கிக் காட்ட வேணாம்.

பாம்புக்கடி மாசம்

மழைக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடி, வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வைங்க, இது உயிர் சம்பந்தப்பட்டது. பாம்புக்கடிக்கு மந்திரிக்கிறவருக்கு ஏன் நல்ல பேர் இருக்குன்னு முதல்ல கூட்டத்தையே யோசிக்க விடுங்க. நம்ம கண்ணுல படுற பாம்புல நிறைய விஷமே இல்லாதது, சாரை, தண்ணிப் பாம்பு மாதிரி. விஷப் பாம்பே கடிச்சாலும் சில நேரம் விஷம் இறங்காம வெறும் கடியா போயிரும். இந்த ரெண்டுலயும் மந்திரிச்சாலும் பிழைப்பாங்க, மந்திரிக்காட்டியும் பிழைப்பாங்க, பேர் மட்டும் மந்திரிச்சவருக்குப் போகும். செத்தவங்க கணக்கை "நேரம் கழிச்சுக் கொண்டு வந்தீங்க"ன்னு தள்ளிருவாங்க.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல இருக்கு. அந்த மருந்துக்கு விஷம் எடுக்கிறதுல சென்னை பக்கத்துல வடநெம்மேலில இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கு, 1978ல ஆரம்பிச்சது, அவங்க அறிவைப் பத்தி கூட்டத்துல மரியாதையா சொல்லுங்க, பாரம்பரிய அறிவு எல்லாத்தையும் நாம எதிர்க்கிறோம்னு ஒரு தப்பான பேர் நமக்கு வேணாம்.

நடைமுறைல சொல்லிக் கொடுக்க வேண்டியது: இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கடிபட்ட கையோ காலோ ஆடாம எலும்பு முறிவுக்குக் கட்டுற மாதிரி பலகை வச்சு கட்டி, 108க்கு போன் பண்ணி நேரா ஆஸ்பத்திரி. கட்டுவிரியன் ராத்திரி தரைல படுத்திருக்கிறவங்களைக் கடிச்சா வலியே தெரியாம இருக்கலாம், விடிகாலைல வயித்து வலி, கண் இமை சொருகறதுன்னு வந்தா சும்மா விடாதீங்க. ஒரு நர்ஸ் தோழி இதை ஒருத்தர் கால்ல ஸ்கேல் வச்சுக் கட்டியே காட்டினாங்க, அதுக்கப்புறம் ரெண்டு ரெண்டு பேரா எல்லாரும் கட்டிப் பழகினோம். அந்த மாசம் வந்த கூட்டம் மாதிரி வேற எந்த மாசமும் வந்ததில்ல.

வானம் பார்க்கிற மாசங்கள்

ஏப்ரல்லயும் ஆகஸ்ட்லயும் தமிழ்நாட்டுல ஒவ்வொரு ஊருக்கும் நிழலில்லா நாள் வரும், சூரியன் நேர் உச்சில வர்ற அன்னிக்கு மதியம் செங்குத்தா நிறுத்தின குச்சிக்கு நிழலே இருக்காது. ஊருக்கு ஊர் தேதி மாறும். ஒரு பிவிசி பைப்பும் மட்டம் பார்க்கிற கருவியும் போதும். நிழல் சுருங்கிச் சுருங்கி பைப்புக்கு அடியில போய் ஒளியறதை ஒரு குழந்தை தன் கண்ணால பார்த்துட்டா, அதுக்கு ராகு காலக் கணக்கை விளக்கறது சுலபம்: சூரிய உதயத்துல இருந்து அஸ்தமனம் வரைக்கும் எட்டா பிரிச்சு, கிழமைக்கு ஒரு துண்டை ராகுவுக்குக் கொடுத்திருக்காங்க, வானத்துல அந்த நேரத்துல புதுசா ஒண்ணும் நடக்கிறதில்ல.

மத்தபடி பிப்ரவரி 12 டார்வின் பிறந்த நாள், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், ஆகஸ்ட் 20 மகாராஷ்டிராவுல மூடநம்பிக்கையை எதிர்த்து இயக்கம் நடத்தின நரேந்திர தபோல்கர் 2013ல புனேல சுட்டுக் கொல்லப்பட்ட நாள், அதை நாடு முழுக்க அறிவியல் மனப்பான்மை நாளா அறிவியல் இயக்கங்கள் கடைப்பிடிக்கிறாங்க, செப்டம்பர் 17 பெரியார் பிறந்த நாள். இதுகளை ஒட்டி அந்தந்த மாசத் தலைப்பை வச்சுக்கலாம். ஒரு மாசம் வரலாறு வைங்க. 1880கள்லயே சென்னைல லௌகிக சங்கம்னு நாத்திகர்கள் சேர்ந்து "தத்துவ விவேசினி"ன்னு தமிழ்ல பத்திரிகை நடத்தியிருக்காங்க, 1882ல இருந்து 1888 வரைக்கும். பெரியாரோட குடிஅரசு பத்திரிகை வர்றது 1925 மே மாசம்தான். நம்ம மண்ணுல இது எவ்வளவு பழசுன்னு தெரியும்போது புதுசா வர்ற பசங்க நிமிர்ந்து உட்கார்றதை நான் பார்த்திருக்கேன்.

சட்டம், பாதுகாப்பு

இதைத் தள்ளிப் போடாதீங்க. அரசியல் சட்டத்துல 51ஏ பிரிவு, எச் உட்பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் கேட்டறியும் உணர்வையும் வளர்க்கிறது ஒவ்வொரு குடிமகனோட கடமைன்னு சொல்லுது, 1976ல 42ஆவது திருத்தத்துல வந்தது. அதே நேரம் வேணும்னே மத உணர்வைப் புண்படுத்தினா தண்டிக்கிற சட்டமும் இருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 295ஏ, இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 299. அதனால ஒரு நம்பிக்கையைச் சோதிங்க, கடவுள் படத்தை வச்சு கேலி பண்ணாதீங்க. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்ல, கேலி பண்ணின அன்னிக்கு அந்த உலக்கை அக்கா திரும்ப வர மாட்டாங்க.

மந்திரத்தாலயும் தாயத்தாலயும் நோயைத் தீர்க்கிறேன்னு விளம்பரம் பண்றதுக்கு எதிரா 1954ல இருந்தே ஒரு மத்தியச் சட்டம் இருக்கு, மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம்னு சொல்லுவாங்க. சர்க்கரை நோயை அடியோட விரட்டுறோம்னு நோட்டீஸ் வந்தா தேதி போட்டுப் படம் எடுத்து வச்சு, வக்கீல் ஒருத்தரைக் கலந்துக்கிட்டு புகார் கொடுங்க. தெருவுல நிகழ்ச்சின்னா போலீஸ் அனுமதி எழுத்துல வாங்குங்க.

2017 மார்ச்ல கோயம்புத்தூர்ல கடவுள் மறுப்பாளர் ஃபாரூக் கொல்லப்பட்டதை நாம மறக்கக் கூடாது. அதனால உறுப்பினர் பட்டியலை வெளிய விடாதீங்க, போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க, வேணாம்னு சொல்றவங்க உட்கார ஒரு பக்கத்தை ஒதுக்கி வைங்க, யாரையும் டேக் பண்ணாதீங்க. வீட்டுக்குத் தெரியாம வர்றவங்க நீங்க நினைக்கிறதைவிட அதிகம். முக்கியமா, ஒரு மதத்துல பிறந்தவங்க தன் மதத்தைக் கேள்வி கேக்கறதுக்கும், அதை இன்னொரு மதத்துக்காரன் எடுத்து ஆயுதமா வச்சுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு, ரெண்டாவதை வட்டத்துக்குள்ள விடாதீங்க. சாதி பேசி ஒருத்தரை மட்டம் தட்டினா அன்னிக்கே வெளிய அனுப்புங்க, அதுல இன்னொரு வாய்ப்பு கொடுக்க வேணாம்.

காசு

ஆளுக்கு மாசம் 50 ரூபாய், படிக்கிறவங்களுக்கு இல்ல. டீ, ஜெராக்ஸ், வாளி, பைப், அவ்வளவுதான் செலவு. ஒவ்வொரு கூட்டத்து முடிவுலயும் கணக்கை வாய்விட்டுப் படிங்க. ஏழு பேர் இருந்தாலே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவு பண்ணலாம், ஆள் கூடி காசு புழங்க ஆரம்பிச்சா பதிவைத் தள்ளிப் போடாதீங்க. கட்சி காசு வாங்காதீங்க, தேர்தல் சமயத்துல அது வேற மாதிரி திரும்பும்.

கூட்டத்துக்கு வெளிய

கோயில், சர்ச், பள்ளிவாசல் இதெல்லாம் மனுஷனுக்குக் கொடுக்கிறது நம்பிக்கை மட்டும் இல்லீங்க, கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூட நிக்க நாலு பேர். அதை நம்ம வட்டம் கொடுக்கலைன்னா ஆள் நிக்காது. யாராவது ஆஸ்பத்திரில இருந்தா சாப்பாடு கொண்டு போக ஒரு முறை வைங்க. ரத்ததான பட்டியல் ஒண்ணு வைங்க, ஆம்பளைங்க 90 நாளைக்கு ஒரு தடவை, பெண்கள் 120 நாளைக்கு ஒரு தடவை கொடுக்கலாம்.

சுயமரியாதைக் கல்யாணம் பண்ண விரும்புறவங்களுக்கு வழி சொல்லத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கணும். 1967ல சட்டமன்றத்துல திருத்தம் கொண்டு வந்து இந்து திருமணச் சட்டத்துல 7ஏ சேர்த்தாங்க, ஐயர் இல்லாம, மாலை மாத்தியோ மோதிரம் மாத்தியோ தாலி கட்டியோ பண்ற கல்யாணம் தமிழ்நாட்டுல செல்லும். வேற வேற மதம்னா 1954ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம், அதுல 30 நாள் நோட்டீஸ் உண்டு, அந்த 30 நாள்லதான் வீட்டுக்குத் தகவல் போய் பிரச்சனை வரும், முன்னாடியே வக்கீலோட பேசி வைங்க.

சாவு வீடு இன்னும் கஷ்டம். எங்க வட்டத்துல ஒரு ஐயா உடல்தானம்னு எழுதி வச்சிருந்தார், அவர் இறந்த அன்னிக்கு சொந்தக்காரங்க ஒத்துக்கல. நாங்க அங்க போய் சண்டை போடல. அவர் மகள் மட்டும் அப்பாவோட கண்ணையாவது கொடுத்தரலாம்னு சொன்னாங்க, இறந்து ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், ராத்திரி ஒன்பது மணிக்கு கண் வங்கிக்குப் போன் போட்டோம், அவங்க வந்து இருபது நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. அதுல இருந்து, உடல்தானமோ கண்தானமோ எழுதிக் கொடுக்கிறவங்க கூட்டத்துக்கு வீட்ல இருந்து ஒருத்தரையாவது கூட்டிட்டு வந்து அவங்க முன்னாடிதான் கையெழுத்துப் போடணும்னு வச்சிருக்கோம். பக்கத்து அரசு மெடிக்கல் காலேஜ் உடற்கூறியல் துறைல படிவம் கிடைக்கும்.

அடுத்த கிரகணத்துக்கு இப்பவே

2027 ஆகஸ்ட் 2ஆம் தேதி சாயங்காலம் நம்ம பக்கம் பகுதி கிரகணம். 2031 மே 21ஆம் தேதி மதியம் கேரளாவையும் மதுரைப் பக்கத்தையும் தொட்டுட்டு வளையக் கிரகணம் வருது. கண்ணாடி ஐஎஸ்ஓ 12312-2 முத்திரை இருக்கிறதா பார்த்து வாங்குங்க, எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் எதுலயும் பார்க்க விடாதீங்க. கண்ணாடி பத்தலைன்னா ஒரு அட்டைல குண்டூசி ஓட்டை போட்டு அது வழியா சூரியனோட பிம்பத்தைச் சுவர்ல விழ வைங்க, மரத்தடில இலை இடுக்கு வழியா விழுற வெளிச்சம் எல்லாம் குட்டிக் குட்டிப் பிறையா தரைல கிடக்கும், அதைப் பார்க்க கண்ணாடியே வேணாம். கூடவே இட்லியோ சுண்டலோ செஞ்சு வச்சு, கிரகணம் நடக்கும்போதே எல்லாரும் சேர்ந்து சாப்பிடுங்க. சுகர் இருக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் இந்தக் கிரகணத்தை நம்பித்தான் மணிக்கணக்குல பட்டினி கிடக்கறாங்க.

கிரகணத்துக்கு முந்தின மாசக் கூட்டத்துல உலக்கையை நிறுத்திப் பார்த்துருங்க, அன்னிக்கு மறுபடியும் நிறுத்துங்க, அடுத்த மாசம் ஒரு தடவை. மூணு தடவையும் தேதி, நேரம், எத்தனாவது முயற்சில நின்னுச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. எங்க நோட்டு அந்த அக்கா வீட்லதான் இருக்கு, அவங்கதான் எழுதறாங்க.